லேவியரின் வீடும் டட்லி தெருவும்

நகர்ப்புற ஊழியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், சிதைந்த பேட்டைகளைச் சீர்ப்படுத்துவது எப்படி என்பதையே நாம் பெரிதும் சிந்தித்துவருகிறோம். குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, பள்ளி, மருத்துவ வசதி ஆகியவை வேண்டுமென்று குரல் எழுப்புகிறோம். அது முறையே. ஆனால் பேட்டை சீர்ப்பட்டபின் அங்கே யார் குடியிருப்பர் என்னும் கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பியதில்லை. ஒரு பேட்டை கேடுற்றுக் கிடக்கும்வரை ஏழைகளுக்கு அங்கே இடம் உண்டு, வாடகை குறைவு. அது நலம்பெறத் தொடங்கியதும் நிலத்தின் விலை உயர்கிறது, வாடகை உயர்கிறது, வரி உயர்கிறது. குப்பையை அகற்றும்படி போராடியவரும் பள்ளிக்காக மனுக் கொடுத்தவரும் தம் உழைப்பின் பயனைக் காணுமுன்னரே வெளியேற நேர்கிறது. ஒருவர் கட்டும் வீட்டில் வேறொருவர் குடியேறும் அவலம் ஒழிவதைப் புதிய எருசலேமின் அடையாளமாக ஏசாயா 65:21, 22 காட்டுவதை நாம் அறிவோம். நம் காலத்து நகரங்களில் அவ்வவலம் படையெடுப்பினால் வருவதில்லை, முன்னேற்றத்தினாலேயே வருகிறது.

இதற்குப் பெயர் இட்டவர் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர். 1964-இல் அவர் லண்டன் மாநகரைப் பற்றி எழுதுகையில், தொழிலாளர் குடியிருந்த தெருக்களில் நடுத்தர வகுப்பார் ஒருவர் பின் ஒருவராகக் குடியேறி, பழைய குடிகள் அனைவரும் அகன்றுபோகும்வரை அது நில்லாது தொடர்வதைக் கண்டு, அதனை ‘ஜென்ட்ரிபிகேஷன்’ என்றார். ‘ஜென்ட்ரி’ என்பது இங்கிலாந்தின் பழைய நிலவுடைமை மேட்டுக்குடியைக் குறிக்கும் சொல். ஆதலின் இப்பெயரில் ஒரு கேலியும் அடங்கியிருந்தது. இன்று கேலி மறைந்து, சொல் மட்டுமே நிலைத்துள்ளது.

இதற்கு மாற்று உண்டா என்று ஆராய்வோர்க்கு அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் டட்லி தெரு வட்டாரத்தார் பெற்ற அனுபவம் பாடமாக அமையும். அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

டட்லி தெரு வட்டாரம் பாஸ்டனின் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் என்னும் இரு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் உள்ளது. நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 2 மைல் தொலைவு. முன்னாளில் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியோர் பலர் அங்கு வாழ்ந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ முதலிய ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளிலிருந்து வந்தோரும், ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலிலுள்ள கேப் வெர்டி தீவினரும் குடியேறினர். வெள்ளையர் பலர் புறநகர்களுக்குச் சென்றனர்.

இவ்வட்டாரம் தானே சீரழியவில்லை, சீரழிக்கப்பட்டது. 1930-களில் அமெரிக்க மைய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களைத் தயாரித்து, கடன் கொடுப்பதற்கு ஆபத்தானவை என்று தான் கருதிய பகுதிகளைச் சிவப்பு நிறத்தால் குறித்தது. கறுப்பினத்தார் குடியிருப்பதே ஒரு பகுதியை ஆபத்தானதாகக் கருதப் போதுமான காரணமாயிற்று. ராக்ஸ்பரியின் பெரும்பகுதி இவ்வாறு ஒதுக்கப்பட்டது. வீடு வாங்கக் கடன் இல்லை, கூரையைப் பழுதுபார்க்கக் கடன் இல்லை. அதன் விளைவாக வீட்டின் விலை வீழ்ந்தது. வீட்டின் விலையைக் காட்டிலும் அதன் தீவிபத்துக் காப்பீட்டுத்தொகை மிகுதியானபோது உரிமையாளர் சிலர் தாமே தீ வைக்க ஏற்பாடு செய்தனர். 1970-களில் டட்லி மக்கள் இரவுதோறும் தீயணைப்பு வண்டிகளின் ஓசையைக் கேட்டு வாழ்ந்தனர். 1980-களின் தொடக்கத்தில் அங்கு வெறுமையாகக் கிடந்த மனைகள் ஏறத்தாழ 1,300. வட்டாரத்தின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அவ்வாறு கிடந்தது. நகரம் விசாலமும் பெரிதுமாயிருந்தும் அதனுள்ளே மக்கள் குறைவு, வீடுகள் கட்டப்படவில்லை என்று நெகேமியா 7:4 கூறும் நிலையே அது. வெற்று மனைகளில் பிற பகுதிகளிலிருந்து லாரிகள் வந்து குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் இறைச்சிக் கழிவுகளையும் கொட்டிச் சென்றன.

1984-இல் ரைலி என்னும் அறநிறுவனத்தின் பொறுப்பாளர் இவ்வட்டாரத்தைக் காண வந்தனர். அங்குள்ள சமூகப்பணி நிறுவனங்களுடன் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். நிர்வாகக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. 1985 பிப்ரவரியில் புனித பேட்ரிக் ஆலயத்தில் வட்டார மக்களைக் கூட்டி அத்திட்டத்தை விளக்கினர். நன்றி கூறிக் கலைவர் என எதிர்பார்க்கப்பட்ட மக்கள் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டனர்: முன்னே அமர்ந்திருப்போருள் இவ்வட்டாரத்தில் குடியிருப்பவர் எத்தனை பேர்? அதற்கு உவப்பான விடை இல்லை.

இத்தகைய கூட்டங்களை நாமும் நடத்தியிருக்கிறோம். ஆகவே அந்நேரத்தில் முன்வரிசையில் இருந்தவர் முகம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை நாம் கற்பனை செய்துகொள்ள இயலும். போற்றத்தக்கது யாதெனில், அவர்கள் தம் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடவில்லை. நிர்வாகக் குழுவை மாற்றியமைக்க இசைந்தனர். குடியிருப்போரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். கறுப்பினத்தார், கேப் வெர்டியர், ஸ்பானிய மொழியினர், வெள்ளையர் ஆகிய நான்கு சமூகத்தார்க்கும், எண்ணிக்கை எதுவாயினும், சம இடங்கள் வேண்டும் என்று முடிவாயிற்று. சிறு கூட்டத்தாரும் பெருங்கூட்டத்தாரும் சமமாக அமரும் இவ்வேற்பாடு நம் சபைகளின் தேர்தல் காலங்களில் நினைவுகூரத்தக்கது. இவ்வாறு உருவானதே ‘டட்லி தெரு வட்டார முயற்சி’ என்னும் அமைப்பு.

அவர்கள் எடுத்த முதல் போராட்டம் குப்பையைப் பற்றியது. 1986-இல், எங்கள்மேல் கொட்டாதீர் என்னும் முழக்கத்துடன் இயக்கம் நடத்தி, சட்டத்துக்குப் புறம்பாக இயங்கிய குப்பை மாற்று நிலையங்களை மூடச் செய்தனர். மேயர் ரே பிளின் அவர்களுக்குத் துணைநின்றார். பணம் கோடிக்கணக்கில் வேண்டிய வீட்டுத் திட்டத்தை முதலில் எடுத்திருந்தால் மக்கள் சோர்ந்திருப்பர் என்றே தோன்றுகிறது. கண்முன் அகன்ற குப்பை அவர்களுக்குத் தம் ஒற்றுமையின் ஆற்றலைக் காட்டிற்று. அதே ஆண்டில் ராக்ஸ்பரியும் அதனையடுத்த பகுதிகளும் பாஸ்டனிலிருந்து பிரிந்து மண்டேலா என்னும் பெயரில் தனி நகராக வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்து தோற்றது. அதுவும் இதே புறக்கணிப்பின் மீதெழுந்த சினத்தின் வெளிப்பாடே.

அடுத்த ஆபத்தோ குப்பையைவிட நுட்பமானது. நகர மையத்தின் நில விலை உயர்ந்துகொண்டே வந்தது. 1987-இல் வாஷிங்டன் தெருவின் மேலே ஓடிய பழைய ரயில் பாதை மூடப்பட்டு, பின்னர் அதன் இரும்புத் தூண்களும் அகற்றப்பட்டன. கொல்லை நிலமெனக் கருதப்பட்ட டட்லி, வணிகர் கண்ணுக்கு நகரின் வாயிலாகத் தோன்றலாயிற்று. மக்கள் தாமே தம் வட்டாரத்துக்கென ஒரு முழுத் திட்டத்தை 1987-இல் தீட்டினர். நகரசபையும் அதனை ஏற்றது. ஆனால் திட்டத்தை எழுதுவது எளிது. வெற்று மனைகளோ நூற்றுக்கணக்கான தனியாரிடமும் நகரசபையிடமும் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்க்காமல் வீடுகள் கட்ட இயலாது. ஒன்றுசேர்க்கத் தொடங்கினாலோ விலை ஏறிவிடும்.

பொதுநலனுக்காக இழப்பீடு தந்து தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ஏழைகளை அப்புறப்படுத்த அவ்வதிகாரம் எத்தனையோ முறை பயன்பட்டிருக்கிறது. ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் வெஸ்ட் எண்டு பகுதியின் கீழ்ப்பாகம் 1950-களின் இறுதியில் நகர்ப் புதுப்பிப்பு என்ற பெயரால் தரைமட்டமாக்கப்பட்டபோது, 25,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார். டட்லி மக்களோ அந்த வாளின் பிடியைத் தமக்குத் தரும்படி கேட்டனர். 1988-இல் நகரின் வளர்ச்சி ஆணையம், ‘டட்லி முக்கோணம்’ எனப்படும் ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பினுள் வெறுமையாகக் கிடந்த தனியார் மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தது. குடியிருக்கும் வீடுகள் தொடப்படவில்லை. வட்டார மக்கள் அமைப்பு ஒன்று இவ்வதிகாரம் பெற்றது அந்நாட்டில் அதுவே முதல் முறை. 1992-இல் போர்டு அறநிறுவனம் நிலம் வாங்க 20 லட்சம் டாலர் கடனளித்தது.

நிலம் கைக்கு வந்தது. அதை மக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவதே இயல்பான அடுத்த செயல் என்று நமக்குத் தோன்றும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள நம் நாட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூமிதான இயக்கத்தைத் தொடங்கினார். தானமாகப் பெற்ற நிலம் நிலமற்றோர்க்குத் தனித்தனியே வழங்கப்பட்டது. மாடும் விதையும் இல்லாத ஏழை அந்நிலத்தை மீண்டும் விற்றான், அல்லது கடன்காரனிடம் இழந்தான். இந்த அனுபவமும் கிராமதானம் பிறக்கக் காரணமாயிற்று: நிலத்தின் உரிமை ஊருக்கு, உழும் உரிமை குடும்பத்துக்கு. தமிழ்நாட்டில் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஆகியோர் இப்பணிக்குத் தம் வாழ்நாளை ஈந்ததை நாம் அறிவோம். இக்கிராமதானக் கருத்தை அமெரிக்காவிற்குக் கொண்டுசென்றவர்களுள் ரால்ப் போர்சோடி, ராபர்ட் ஸ்வான் என்னும் இருவர் முதன்மையானவர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்ட, இறையியல் பயின்ற போதகரான சார்லஸ் ஷெரட் முதலியோருடன் ஸ்வான் சேர்ந்து, 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்னும் நில அறக்கட்டளையை நிறுவினர். வாக்களிக்கத் துணிந்ததற்காக வெள்ளை நிலவுடைமையாளரால் குடிசைகளினின்று துரத்தப்பட்ட உழவர்க்காக 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் வாங்கப்பட்டது. வறட்சியில் பிற உழவர்க்குக் கிட்டிய அரசுக் கடன் இவர்களுக்குக் கிட்டாமையால் 1985-இல் அந்நிலம் கைவிட்டுப்போயிற்று. இனப்பாகுபாட்டினாலேயே கடன் மறுக்கப்பட்டது என்று 2009-இல் நிலைநாட்டப்பட்டு, 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. நிலம் போயினும் கருத்து போகவில்லை. அதனை முதலில் நகரத்தில் பயன்படுத்தியோர் திருச்சபையார். முன்னர்க் குறிப்பிட்ட வெஸ்ட் எண்டிலேயே, எஞ்சியிருந்த மக்களும் வெளியேற்றப்படலாகாதென்று அப்பகுதிச் சபைகளின் கூட்டமைப்பு 1980-இல் ஒரு நிலக் கூட்டுறவை நிறுவிற்று. டட்லி மக்கள் பின்பற்றியது இம்முறையையே.

அறக்கட்டளை முறை இவ்வாறு இயங்குகிறது. நிலம் அறக்கட்டளைக்கு உரியது; ஒருபோதும் விற்கப்படமாட்டாது. அதன்மேல் உள்ள வீடு குடும்பத்துக்கு உரியது. குடும்பத்தார் வீட்டின் விலையை மட்டும் வங்கிக் கடன்பெற்றுச் செலுத்துவர். நிலத்திற்கு 99 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டு சிறு தொகை கட்டுவர். வீட்டில் தாமே குடியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது உரிமையாகச் சேரும். விற்க விரும்பினால் விற்கலாம். ஆனால் கொடுத்த விலையோடு, குத்தகைப் பத்திரத்தில் கண்ட கணக்குப்படி ஓரளவு உயர்வே பெறலாம். சந்தை விலை எவ்வளவு ஏறினும் அந்த ஏற்றம் விற்பவருக்குச் சேராது. அடுத்து வரும் ஏழைக் குடும்பத்தார்க்கு விலைக்குறைவாகப் போய்ச் சேரும். டட்லியில் இவ்வாறு ஏறக்குறைய 225 வீடுகள் அமைந்துள்ளன. வாடகைக்கு விடப்பட்டனவும் கூட்டுறவு வீடுகளும் அவற்றுள் அடங்கும். தோட்டங்களும் விளையாடுமிடங்களும் உள்ளன. மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகை இருந்த மனையில் இன்று காய்கறி விளையும் கண்ணாடி மாளிகை நிற்கிறது.

இங்கே மறைநூல் ஆய்வாளர்க்கு ஒரு சிக்கல் எழும். நிலத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் நாம் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை எடுக்கிறோம். நிலம் கடவுளுடையது, மக்கள் அவரிடத்தில் அந்நியரும் பரதேசிகளும் போன்றவர், ஆகவே அதை நிலையாக விற்கலாகாது என்பது 23-ஆம் வசனத்தின் கருத்து. யூபிலி ஆண்டைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். ஆனால் 29, 30-ஆம் வசனங்களைப் பிரசங்கித்தவர் அரியர். மதில் சூழ்ந்த நகரத்திலுள்ள வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் மீட்காவிடில் அது வாங்கியவனுக்கே நிலையாகிவிடும்; யூபிலியிலும் திரும்பாது என்று அவை கூறுகின்றன. மதிலற்ற சிற்றூர் வீடு மட்டும் வயலோடு சேர்த்து எண்ணப்பட்டுத் திரும்பும். எனவே யூபிலிச் சட்டம் நகரத்து வீட்டுக்குப் பொருந்தாதென்று வீட்டு வணிகர் ஒருவர் நம்மிடம் வாதிட்டால், வசனம் அவர் பக்கம் நிற்கும்!

ஆயினும் சட்டம் அத்துடன் முடியவில்லை. 32 முதல் 34 வரையுள்ள வசனங்கள் லேவியருக்கு விலக்களிக்கின்றன. லேவியர் நகரங்களிலுள்ள வீடுகளை அவர்கள் எக்காலத்திலும் மீட்கலாம். யூபிலியில் அவை திரும்பும். காரணமும் கூறப்படுகிறது: இஸ்ரயேல் மக்கள் நடுவே லேவியருக்குள்ள சொத்து அவ்வீடுகளே. பிறருக்கு வயல் உண்டு; நகரத்து வீடு அவர்களுக்கு உபரி. லேவியருக்கோ வயலில்லை, வீடே அவர்தம் வாழ்வுரிமை. மேலும் அவர்கள் நகரங்களைச் சூழ்ந்த மேய்ச்சல் வெளி விற்கப்படவே கூடாது என்கிறது 34-ஆம் வசனம். வீடு கைமாறலாம், மீட்கப்படலாம், பொதுநிலமோ கைமாறாது. நகரம், சிற்றூர் என்னும் வேற்றுமைக்குப் பின்னே சட்டம் கேட்கும் கேள்வி, இந்த வீடு இவருக்கு உபரியா, அல்லது இவருக்குள்ள ஒரே பங்கா என்பதே என்று கொள்ளலாம். அவ்வாறாயின் இன்றைய நகரத்து ஏழை, மதில் சூழ்ந்த நகரத்துச் செல்வனோடு அல்ல, லேவியனோடு வைத்து எண்ணத்தக்கவன். டட்லி மக்கள் இவ்வதிகாரத்தைப் படித்துத் தம் பத்திரங்களை எழுதினர் என்று நான் கூறவில்லை. அங்ஙனம் கூறுவது மறைநூலை வீட்டுமனைக் கையேடாக்குவதாகும். இரண்டும் ஒரே அநீதியை எதிர்கொண்டு ஒத்த வழியைக் கண்டன என்று கூறுவதே போதும்.

இம்முறைமீது சுமத்தப்படும் ஒரு குற்றச்சாட்டு வன்மையானது. அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்களின் செல்வம் பெரும்பாலும் வீட்டின் விலையேற்றத்தால் வந்தது. சிவப்புக் கோட்டின் காரணமாகக் கறுப்பின மக்களுக்கு அச்செல்வம் இரு தலைமுறைகளாக மறுக்கப்பட்டது. இப்போது அவர்கள் வட்டாரத்திலும் விலை ஏறும் காலம் வந்திருக்கையில், நீங்கள் மட்டும் இலாபத்தைத் துறந்துவிடுங்கள் என்று ஏழைகளிடமே சொல்வது நேர்மையா? செல்வர் எவரும் இவ்வாறு கேட்கப்படுவதில்லையே. துறவறத்தை ஏழைக்கும் இல்லறத்தை வசதியுள்ளோர்க்கும் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் திருச்சபைக்குப் புதியதன்று. ஆதலால் நாம் இவ்வினாவின்முன் தாழ்மையோடு நிற்க வேண்டும்.

இதற்கு விடையாகச் சில உண்மைகளைக் கூறலாம். முதலாவது, சந்தை விலையில் அவர்களால் வீடு வாங்கவே முடிந்திராது. ஆகவே துறக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இலாபம் அவர்களுக்குக் கிட்டியிருக்கக்கூடியதன்று. வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984-இல் தொடங்கிய நில அறக்கட்டளையை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, அங்கு வீட்டை விற்றுச் சென்றோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அடுத்துச் சந்தை விலையில் வீடு வாங்கினர் என்று காட்டிற்று. 2008-இல் வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, அறக்கட்டளை வீட்டார் பெரும்பாலும் தப்பினர். 2010 இறுதியில் அந்நாட்டில் கடன் தவறியதால் பறிமுதல் நடவடிக்கைக்குள்ளான வீடுகள் நூற்றுக்கு நான்குக்கும் மேல். அறக்கட்டளை வீடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தவணை தவறும் குடும்பத்தோடு பேச, நிலத்துக்குரிய அறக்கட்டளை இருந்ததே இதற்கு ஒரு காரணம். எனினும் இவை யாவும் சேர்ந்தும் அக்கேள்வியை முற்றிலும் தீர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டட்லியில் இம்முடிவை எடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்த அறவோர் அல்லர், அங்கே குடியிருந்தவர்களே என்பது ஒன்றே எனக்கு ஆறுதலளிக்கிறது. தன் இலாபத்தைத் தானே வரையறுப்பது வேறு. பிறன் இலாபத்தை வரையறுப்பது வேறு.

மற்றொரு குறை அளவைப் பற்றியது. 50,000-க்கு மேற்பட்டோர் வாழும் ராக்ஸ்பரியில் 225 வீடுகள் சிறு பங்கே. 1994-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தார் வாக்கெடுப்பின் வழியாக வாடகைக் கட்டுப்பாட்டை ஒழித்தனர். முக்கோணத்துக்கு வெளியே வாடகைக்குக் குடியிருப்போர் விலையேற்றத்தின் முன் தனித்தே நிற்கின்றனர். அறக்கட்டளை தன் வேலிக்குள் இருப்போரைக் காக்கும். வேலிக்கு அப்பால் சட்டம்தான் காக்க வேண்டும். திருச்சபை முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைக் கேட்க மறப்பது எளிது. கட்டிய வீட்டைக் காட்டிப் புகைப்படம் எடுக்கலாம். கேட்டுப் பெற்ற சட்டத்தைப் படமெடுக்க முடியாது.

ஊழியர்க்குரிய பயிற்சியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். டட்லியிலும் சின்சினாட்டியிலும் சபைகள் கொடுத்தவை கூடுவதற்கு இடமும், நெடுநாள் உடனிருந்த ஊழியரும். வெஸ்ட் எண்டில் பணியாற்றிய மாரிஸ் மெக்ராக்கின் என்னும் பிரெஸ்பிட்டேரியப் போதகர், போருக்குச் செல்லும் வரியைக் கட்ட மறுத்தமைக்காகச் சிறை சென்று, தம் சபைப் பிரிவினராலேயே குருத்துவத்தினின்று நீக்கப்பட்டு, 1987-இல் மீண்டும் ஏற்கப்பட்டவர். அவர் அவ்வட்டாரத்தை விட்டு அகலவில்லை. இத்தகைய உடனிருப்பைப் பாடத்திட்டத்தால் கற்பிக்க இயலாது. ஆனால் பத்திரம், குத்தகை, வில்லங்கம் ஆகியவற்றைப் படித்துப் பொருள்கொள்ளக் கற்பிக்கலாம். எபிரேய வினைச்சொற்களோடு நாம் போராடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

டட்லி சதுக்கத்துக்கு 2019 இறுதியில் நூபியன் சதுக்கம் என்று பெயர் மாற்றப்பட்டது. டட்லி என்பது குடியேற்றக் காலத்து ஆளுநர் ஒருவரின் பெயர். புதிய பெயர் ஆப்பிரிக்காவின் பழைய நாடொன்றை நினைவூட்டுவது. பெயர் மாற்றத்துக்குப் பின்னும் சதுக்கத்தைச் சுற்றிப் புதிய அடுக்குமாடிகள் எழுந்துவருகின்றன. முக்கோணத்தினுள் முதல் வீடுகள் 1990-களில் கட்டப்பட்டன. ஆகவே அவற்றின் 99 ஆண்டுக் குத்தகைகள் முடிவுறுவது 2090-களில். அப்போது குடியிருப்போர் அவற்றைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.